தொட்டிக்கு ஒரு சேக்காளி

ஜெமி: …இல்லங்க, அது மட்டும் நடக்காது. அவன் கூட யாரையும் சேக்க மாட்டான்.

செல்வின்: யாரு, உங்க அப்பாவா?

ஜெமி: அப்பா இல்ல. மீனு.

செல்வின்: மீனா?

ஜெமி: மாடியில என் ரூம்புல தொட்டி வச்சிருக்கேன். அதுல ஒரு ஃபிளவர்ஹார்ன் கெடக்கான். நெத்தியில கொழுக்கட்டைய ஒட்டி வச்ச மாதிரி புடைச்சிருக்கும். பேரு துரை.

செல்வின்: பொண்ணு பாக்கப் போனா பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமான்னு பேச்சு வரும்னு அத்தை சொல்லிவிட்டாங்க. மீன் வரும்னு சொல்லல.

ஜெமி: நீங்கதான கேட்டீங்க, கல்யாணத்துக்குப் பெறகு கூட எதாவது கொண்டாருவீங்களான்னு. துரையக் கொண்டாருவேன். இப்பவே சொல்லிட்டா நல்லதுல்லா.

செல்வின்: அதுலதாங்க சிக்கல். என்கிட்டயும் ஒன்னு இருக்கு.

ஜெமி: என்ன மீனு?

செல்வின்: ரெட் டெவில்.

ஜெமி: …போச்சு.

ஜீவமணி: என்னம்மா போச்சு?

ஜெமி: அப்பா, நீங்க அங்கனயா இருக்கீங்க? பத்து நிமிசம் தனியாப் பேசுங்கன்னு சொல்லிட்டுப் போனீங்க.

ஜீவமணி: தனியாத்தான பேசுதீங்க. நான் திரைக்கு அங்கிட்டு நாற்காலி போட்டு உக்காந்திருக்கேன். முட்டிவலிக்காரன் வேற எங்க போவேன். அடுக்களையில உங்க அம்மையும் இந்தத் தம்பியோட அத்தையும் எடமில்லாம நிக்காவ. என்னமோ டெவில்னு காதுல விழுந்துச்சு. தம்பி, நீங்க தவறாமக் கோயிலுக்குப் போவீங்கன்னுல்லா சொன்னாவ.

செல்வின்: போவேன் அங்கிள். அது மீனோட பேரு.

ஜீவமணி: பிசாசுன்னு மீனுக்குப் பேரு வப்பானா ஒருத்தன்?

செல்வின்: நான் வைக்கல அங்கிள். கடையிலயே அப்படித்தான் சொல்லுவாங்க. நான் வச்ச பேரு மல்லிகா.

ஜீவமணி: அது பரவால்ல. …நான் உள்ளாற வந்துரட்டா? திரை வழியாக் கேட்டா பாதிதான் வெளங்குது.

ஜெமி: வாங்க. இனிமே மறைச்சு என்ன செய்ய.

ஜீவமணி: கொஞ்சம் அந்த ஸ்டூலத் தள்ளு. கால நீட்டணும். …ஆங். இப்பச் சொல்லுங்க. தம்பி ஹார்பர்ல கண்டெய்னர் யார்டுல வேல. எறால் போவுத குளிர் கண்டெய்னருக்குக் கரண்டு பாக்குதது. என் மக கெமிஸ்ட்ரி டீச்சர். ரெண்டு பேரும் ஒரே சபை. ரெண்டு வீட்டுக்கும் சம்மதம். இதுக்கு நடுவுல மீன் எங்கருந்து வந்துச்சு?

செல்வின்: ரெண்டு பேரும் மீன் வளக்குதோம் அங்கிள்.

ஜீவமணி: நல்லதாப் போச்சு. ஒரே தொட்டியில போட்டு வளங்க.

செல்வின்: போட்டா ஒன்ன ஒன்னு கொன்னுரும்.

ஜீவமணி: அம்மாம் பெரிய மீனா?

செல்வின்: மல்லிகா ஒரு அடி இருப்பா.

ஜீவமணி: நம்ம ஊருல ஒரு அடி மீனக் கொழம்புக்குத்தான் பாத்திருக்கேன். ரெண்டும் சண்டை போடும்னு யாரு சொன்னா, நீங்களா நெனைச்சுக்கிட்டதா?

ஜெமி: அப்பா, துரை கூட இதுவரைக்கும் என்னெல்லாம் விட்டுப் பாத்தேன் தெரியுமா. முதல்ல ரெண்டு பாரட் மீன் விட்டேன். மறுநா காலையில ஒன்னக் காணல.

ஜீவமணி: எங்க போச்சு?

ஜெமி: பாதி கல்லுக்குப் பின்னால கெடந்துச்சு.

ஜீவமணி: இன்னொன்னு?

ஜெமி: அது பயத்துலயே செத்துப் போச்சு. பெறகு ஒரு சக்கர் மீன் விட்டேன். கண்ணாடியில ஒட்டிக்கிட்டுப் பாசி திங்கும். மேலெல்லாம் ஓடு, கடிச்சாலும் ஒன்னும் ஆவாதுன்னு கடைக்காரர் சொன்னாரு.

ஜீவமணி: ஆவலையா?

ஜெமி: ஓட்டுக்கு ஒன்னும் ஆவல. கண்ணு ரெண்டையும் தோண்டிட்டான்.

ஜீவமணி: கர்த்தாவே.

ஜெமி: பெறகு சில்வர் டாலர்னு ஆறு மீன். அது கூட்டமா வேகமா ஓடும். யாரக் கடிக்கன்னு தெரியாம துரை கொழம்பிப் போயிருவான்னாங்க.

ஜீவமணி: கொழம்புனானா?

ஜெமி: கொழம்பல. தெனம் ஒன்னுன்னு வரிசையாத் தின்னுக்கிட்டே வந்தான்.

செல்வின்: மல்லிகாவும் லேசுப்பட்டவ இல்ல அங்கிள். ஃபில்டர் குழாயப் புடுங்கி எறிஞ்சிருவா. கல்ல வாயிலயே நவட்டுவா. கண்ணாடியில என் நெழல் விழுந்தா என்னோடயே சண்டைக்கு வருவா.

ஜீவமணி: செவப்பா, ஒதடு தடிச்சு, முறைச்சாப்புல இருக்குமே.

செல்வின்: …ஆமா. நீங்க எங்க பாத்தீங்க?

ஜீவமணி: நான் எங்க பாக்க. பிசாசுன்னு பேரச் சொன்னீங்க, வேற எப்படி இருக்கும். அது பொம்பளையா?

செல்வின்: ஆமா, பொட்டைதான்.

ஜீவமணி: நம்ம துரை?

ஜெமி: ஆண்தான்.

ஜீவமணி: ஒன்னு ஆணு, ஒன்னு பொண்ணு. பெறகு என்ன வேணும்?

ஜெமி: அதுதான்ப்பா ரொம்ப மோசம். அவனுக்கு அவளப் புடிக்கலன்னா ஒரே நாள்ல செதிலெல்லாம் பிச்சு எறிஞ்சிருவான்.

ஜீவமணி: புடிச்சிருந்தா?

ஜெமி: …அது நமக்கு எப்படித் தெரியும்.

செல்வின்: அதனாலதான் அங்கிள், இது சரிப்பட்டு வராதுன்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருந்தோம்.

ஜெமி: ஆமா. சரிப்பட்டு வராது.

ஜீவமணி: அட, ஒரு மீனுக்காவ நல்ல சம்மந்தத்த விடுவாவளா. ஒன்ன யாருக்காவது குடுத்துருங்க.

ஜெமி: துரைய நான் குடுக்க மாட்டேன்.

செல்வின்: மல்லிகா இல்லாம நானும் எங்கயும் போவ மாட்டேன் அங்கிள்.

ஜீவமணி: சரி, ரெண்டையும் அடக்கி வைக்க நடுவுல பெருசா ஒருத்தன விட்டா என்ன? தருவைகுளத்துல ரோச்னு ஒரு மீன்புடிக்காரன் இருக்கான், நம்ம கடையிலதான் போட்டுக்குப் பெயிண்டு எடுப்பான். ஒரு வார்த்த சொன்னா உயிரோட ஒரு களவா கொண்டாருவான். அதுக்கு வாய் இம்மாம் பெருசு. ரெண்டும் வாலச் சுருட்டிக்கிட்டுக் கெடக்கும்.

செல்வின்: களவா கடல் மீன் அங்கிள். உப்புத்தண்ணி வேணும்.

ஜீவமணி: தூத்துக்குடியில இருந்துக்கிட்டு உப்புக்கா பஞ்சம்?

ஜெமி: உப்பப் போட்டா துரை செத்துருவான்ப்பா.

ஜீவமணி: அப்ப ஆத்து மீனு. ஸ்ரீவைகுண்டம் அணையில விரால் கெடைக்கும். அது ரவுடிப்பய மீனு.

ஜெமி: விரால் மூடியத் தள்ளிட்டு வெளிய தாவிரும். காலையில நீங்க முழிச்சா கட்டிலுக்கு அடியில கெடக்கும்.

ஜீவமணி: நண்டு?

ஜெமி: அப்பா.

ஜீவமணி: கேட்டேன் தாயி. கேக்கக் கூடாதா. எனக்கு மீனப் பத்தி என்ன தெரியும்.

செல்வின்: அதுதான் அங்கிள், என்ன யோசிச்சாலும் வழியில்ல. நீங்க மனசு கஷ்டப்படாதீங்க.

ஜெமி: நான் முன்னாலயே சொன்னேன், இந்த எடம் நமக்கு ஒத்துவராதுன்னு.

ஜீவமணி: ம்.

செல்வின்: ரொம்பக் கஷ்டம் அங்கிள்.

ஜீவமணி: ம். …சரி, அப்ப விட்டுருவோம்.

ஜெமி: …எத?

ஜீவமணி: இந்தச் சம்மந்தத்தத்தான். நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்க, சொல்லுததுல ஞாயம் இருக்கு. நாலு கண்ணாடிக்குள்ள ரெண்டு மீனு ஒத்துப்போவலன்னா நாளைக்கு நாலு செவுத்துக்குள்ள உங்க பாடு என்ன ஆவும். தம்பி, மனசுல ஒன்னும் வச்சுக்கிடாதீங்க. கேசரி சாப்புட்டுட்டுக் கெளம்புங்க.

செல்வின்: அங்கிள்…

ஜீவமணி: சாத்தான்குளம் தனராஜ் வாத்தியார் மகன் பயோடேட்டா ஒன்னு வந்து கெடக்கு. நான்தான் எடுத்துப் பாக்கல. அந்தப் பையன் செல்லப் பிராணி கெடையாதுன்னு ஒரு வரி எழுதியே வச்சிருக்கான். என்ன ஒரு முன்யோசனை பாருங்க. ஏளா, அந்தக் கம்ப எடு. நான் போயி உள்ள சொல்லிருதேன்.

ஜெமி: அப்பா, உக்காருங்கப்பா.

ஜீவமணி: எதுக்கு?

ஜெமி: முட்டிவலியோட எதுக்கு அவசரம்.

செல்வின்: அங்கிள், ஒரு நிமிசம். நான் இத வேற மாதிரி ஒருக்கா யோசிச்சுப் பாத்தேன்.

ஜீவமணி: எப்ப?

செல்வின்: இப்பதான்.

ஜீவமணி: சொல்லுங்க. நின்னுக்கிட்டே கேக்குதேன்.

செல்வின்: தொட்டி பெருசா இருந்தா சண்டை கொறையும். நாலடித் தொட்டியில ஒன்ன ஒன்னு பாத்துக்கிட்டே இருக்கும். ஆறடின்னா அது அது ஒரு மூலையப் புடிச்சுக்கிடும்.

ஜீவமணி: ஆறடின்னா நானே கால நீட்டிப் படுக்கலாம். சரி, படுத்துக்கிடட்டும். மேல?

ஜெமி: ரெண்டும் ஒரே அளவுல இருக்கணும்ப்பா. சின்ன மீன விட்டா தீனின்னு நெனைக்கும். சமமா இருந்தா யோசிக்கும். மல்லிகா ஒரு அடின்னா துரையும் அதே அளவுதான்.

ஜீவமணி: இத நீ முன்னாலயே சொல்லலியே.

ஜெமி: ஞாபகம் வரல.

செல்வின்: அப்புறம், பழைய தொட்டியில கொண்டு விடக் கூடாது அங்கிள். அங்க இருக்கவன், இது என் வீடு, நீ யாருன்னுதான் பாப்பான். புதுத் தொட்டின்னா ரெண்டு பேரும் விருந்தாளி. அந்த எடம் யாருக்கும் சொந்தமில்ல.

ஜீவமணி: தனிக்குடித்தனம்னு சொல்லுங்க.

செல்வின்: …அப்படியும் சொல்லலாம்.

ஜெமி: புதுத்தொட்டி வாங்க முடியலன்னாக்கூட, உள்ள இருக்க கல்லு, பானை எல்லாத்தையும் எடுத்து எடம் மாத்தி வச்சா போதும். தன் வீடுன்னு அடையாளம் தெரியாமப் போயிரும். துரை அப்படித்தான், அவ வந்த மொத வாரம்…

ஜீவமணி: யாரு வந்த மொத வாரம்?

ஜெமி: …பாரட்டு.

ஜீவமணி: பாரட்டு ஒரே ராத்திரியில முடிஞ்சிட்டுன்னுல்லா சொன்ன.

ஜெமி: முடிஞ்சிட்டு. அதுக்கப்புறம் நான் புஸ்தகத்துல படிச்சேன். அதச் சொல்ல வந்தேன்.

ஜீவமணி: ம். படிச்சது நல்லதுதான்.

செல்வின்: பொட்டை மீன் ஒளிய எடம் வேணும் அங்கிள். வாய் குறுகின பானை ஒன்னு போட்டா, அவ உள்ள போயிருவா, அவன் தலைப் புடைப்பு உள்ள நொழையாது.

ஜீவமணி: கோவிச்சுக்கிட்டு அம்மை வீட்டுக்குப் போவுத மாதிரி.

ஜெமி: வயிறு நெறையத் தீனி போடணும். பசியிலதான் பாதிச் சண்டை.

ஜீவமணி: அது நம்ம வீட்டுலயும் அப்படித்தான். மேல?

செல்வின்: கொஞ்ச நாளு போனா ரெண்டும் எதுக்க எதுக்க வந்து, வாயோட வாய் கவ்விக்கிட்டு இழுக்கும்.

ஜீவமணி: சண்டையா?

செல்வின்: சண்டைக்கும் அப்படித்தான் செய்யும். ராசியாவுததுக்கும் அப்படித்தான் செய்யும்.

ஜீவமணி: எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?

ஜெமி: மறுநாள் ரெண்டும் உயிரோட இருந்தா ராசி.

ஜீவமணி: அப்ப வழி இருக்கு.

செல்வின்: இருக்கு அங்கிள்.

ஜெமி: கொஞ்சம் இருக்குப்பா.

ஜீவமணி: கால் மணி நேரத்துக்கு முன்னால ஒலகத்துலயே வழியில்லன்னு சொன்னீங்க. இப்ப ரெண்டு பேரும் மாறி மாறி பாடம் எடுக்கீங்க. எனக்குத் தல சுத்துது. சாத்தான்குளத்துக்காரனுக்கு நான் என்ன பதில் சொல்ல?

ஜெமி: பிராணி புடிக்காத ஆள நம்பக் கூடாதுப்பா.

ஜீவமணி: அப்படியா. …சரி, ஒன்னு செய்வோம். தம்பி, உங்க தோளக் குடுங்க. ரெண்டு பேருமா மாடிக்கு ஏறிப் போயி துரைய ஒருக்கா பாத்துட்டு வந்துருவோம். டேப்பு வச்சு அளந்தா, உங்க மல்லிகாவுக்குத் தோதா இருப்பானான்னு நீங்களே சொல்லிரலாம்.

ஜெமி: இப்ப வேண்டாம்.

ஜீவமணி: ஏன்?

ஜெமி: முட்டிவலி.

ஜீவமணி: அது என் முட்டி. நான் சொல்லுதேன், ஏறலாம்.

ஜெமி: இன்னைக்குத்தான் தண்ணி மாத்தினேன். கலங்கலா கெடக்கு. ஒன்னும் தெரியாது.

செல்வின்: ஆமா அங்கிள், தண்ணி மாத்தின அன்னைக்குப் புது ஆளப் பாத்தா மிரண்டுரும். கண்ணாடியில மோதி நெத்தி ஒடஞ்சா வம்பு.

ஜீவமணி: அது கொழுக்கட்டை நெத்தின்னு நீங்களும் கேட்டீங்களே.

செல்வின்: அதான்… அந்தக் கொழுக்கட்டை ஒடஞ்சிரக் கூடாதுல்லா.

ஜீவமணி: ஒடையக் கூடாது. சரி, வேண்டாம். ஏளா, கம்ப எடு. உள்ள போயிச் சொல்லணும்.

ஜெமி: என்னன்னு சொல்லப் போறீங்க?

ஜீவமணி: மீனப் பொறுத்த மட்டுல ஆட்சேபண இல்லன்னு சொல்லுதேன். பாஸ்டருக்கும் ஒரு போனப் போட்டு நிச்சயத்துக்கு நாளு கேக்கணும். நீங்க பேசிக்கிட்டு இருங்க. இன்னும் எதாவது பேச இருந்தா.

செல்வின்: சரி அங்கிள்.

ஜீவமணி: மாமான்னு சொல்லுங்க.

செல்வின்: சரி மாமா.

செல்வின்: …போயாச்சா?

ஜெமி: இரு. கம்புச் சத்தம் அடுக்களைப் பக்கம் போவுது. …ம், போயாச்சு. ஏலே, ஒனக்குக் கூறு இருக்கா? சரிப்பட்டு வராதுன்னு ஒரு தடவ சொல்லுன்னா, ரொம்பக் கஷ்டம் அங்கிள், வழியில்ல அங்கிள்னு ஒப்பாரி வச்சுக்கிட்டே இருக்க. சாத்தான்குளத்துக்கு என்னய அனுப்பப் பாத்தியே.

செல்வின்: நீதான்ளா சொல்லிக் குடுத்த. அப்பாகிட்ட வேணும்னா வேண்டாம்பாரு, வேண்டாம்னா கட்டாயம் வேணும்பாருன்னு.

ஜெமி: நெசந்தான். செவுத்துக்கு நீலம் கேட்டேன், பெயிண்டு கடை வச்சிருக்க மனுசன் மஞ்சள அடிச்சாரு. டீச்சர் வேல வேண்டாம்னேன், பி.எட்.ல கொண்டு சேத்துவிட்டாரு. ரெண்டு வருசமாப் பழகுதோம்னு நாமளாச் சொல்லிருந்தா ஒரே வார்த்தையில முடிச்சிருப்பாரு.

செல்வின்: அத்தையப் புடிச்சு, சம்மந்தம் கேட்டு வந்த மாதிரி அனுப்பி… நான் செத்துப் பொழைச்சிட்டேன். மேல போவம்னு கெளம்புனாரே, அப்ப எனக்கு வேர்த்துக் கொட்டிட்டு.

ஜெமி: எனக்கு மட்டும்? தொட்டிய எட்டிப் பாத்தா ரெண்டும் ஒன்னாக் கெடக்கும்.

செல்வின்: மல்லிகா எப்படி இருக்கா? பாத்து அஞ்சு மாசமாச்சு.

ஜெமி: ரூம்பு ஓனர் தொட்டி வைக்கக் கூடாதுங்கான்னு வாளியில கொண்டாந்து என் தலையில கட்டிட்டு இப்ப நலம் விசாரிக்கியா. நல்லாத்தான் இருக்கா. மொத வாரம் துரை வால கொஞ்சம் கிழிச்சான். பானைய எடம் மாத்தி வச்சேன். இப்ப அவ பின்னாலயே திரியுதான்.

செல்வின்: ஒங்க அம்மா ஒன்னும் கேக்கலியா?

ஜெமி: சேக்காளி ஊருக்குப் போயிருக்கா, அவ மீனுன்னு சொல்லி வச்சிருக்கேன். நம்பிட்டாங்க.

செல்வின்: ஒங்க அப்பா?

ஜெமி: முட்டி புடிச்சதுலருந்து மாடிப்பக்கம் ஏறினதே இல்ல. …சும்மா இரு, கம்புச் சத்தம். தள்ளி உக்காரு. முன்ன மாதிரி.

செல்வின்: …ஆமாங்க, எனக்கும் கேசரின்னா ரொம்பப் புடிக்கும்.

ஜீவமணி: அப்படியா, இன்னும் கொஞ்சம் கொண்டாரச் சொல்லட்டா? உள்ள எல்லாம் பேசியாச்சு மாப்ளே. வார மாசம் ரெண்டாம் சனிக்கெழம நிச்சயம்.

செல்வின்: ரொம்ப சந்தோசம் மாமா.

ஜெமி: நீங்க பாத்துச் செஞ்சா சரிதான்ப்பா.

ஜீவமணி: நான்தான் பாத்தேன். மீன் விசயத்துல ஒன்னு சொல்ல விட்டுப் போச்சு. நீ சென்னைக்கு ட்ரெயினிங்குன்னு எட்டு நாளு போனேல்லா?

ஜெமி: …ஆமா.

ஜீவமணி: போன அன்னைக்கே ஒங்க அம்மைக்குக் காய்ச்சல். துரைக்குத் தீனி போட ஆளு இல்ல. நான்தான் ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்து மேல ஏறினேன். பாத்தா தொட்டியில ரெண்டு கெடக்கு. பக்கத்துல ஒரு தீனி டப்பா. அதுமேல மார்க்கர்ல ஒரு பேரு, செல்வின், ஹார்பர் யார்டுன்னு.

ஜெமி: அப்பா…

ஜீவமணி: எனக்கு வந்துது பாரு கோவம். கண்ணாடிக் கடைக்குப் போன் பண்ணி, அளவச் சொல்லி ஒரு கண்ணாடி அறுத்துக் கொண்டாரச் சொன்னேன். ரெண்டுக்கும் நடுவுல நானே சொருகிவிட்டேன். அங்கன ஒன்னு, இங்கன ஒன்னு.

செல்வின்: மாமா, அது வந்து…

ஜீவமணி: இருங்க மாப்ளே. நாலு நாளு ரெண்டும் கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் மூஞ்சிய ஒட்டி வச்சுக்கிட்டு அப்படியே நின்னுது. எறால உரிச்சுப் போட்டேன், திரும்பிப் பாக்கல. அஞ்சாம் நாளு மறுபடியும் படியேறிப் போயி கண்ணாடிய உருவிட்டு வந்தேன். பத்து நாளு கழிச்சு ஒங்க அத்தை பயோடேட்டாவோட வந்து நிக்காவ, பேரப் பாத்ததும் அவங்க உக்காருததுக்கு முன்னாலயே சரின்னுட்டேன்.